கணக்குப் புத்தகம் யார் கையில்?



செக்ரோல் என்றால் என்னவென்று நமக்கு யாரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி சுமந்து ஸ்டோருக்கு வந்து நிறுத்துவிட்டுப் போன பிறகும், அந்தப் புத்தகத்தில் பேர் ஏறவில்லையென்றால் அன்றைய பாடு பாடே அல்ல. உடம்பு நோவது உண்மை. பால் கொட்டியது உண்மை. ஆனாலும் புத்தகம் 'இல்லை' என்றால் இல்லைதான். கிராணிமார்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு கட்டத்தில் விழவேண்டிய கோடு பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால், மாதக் கடைசியில் ஒரு வீட்டு அடுப்பில் அது தெரியும். எழுதுகிறவன் கையில் புத்தகம் இருக்கட்டும், எழுதியதைப் பார்க்கும் உரிமை நமக்கு வேண்டும் என்பதுதான் சங்கத்துக்காரன் முதலில் கற்றுக்கொண்ட பாடம்.

இன்று நாம் பேசப்போவது இன்னொரு செக்ரோலைப் பற்றி. 2022 நவம்பர் 19-ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலில் அந்தப் புத்தகத்தில் 2 கோடியே 11 லட்சத்து 73 ஆயிரத்து 638 பேர் இருந்தார்கள். அதற்கு முந்திய 2018 தேர்தலில் இருந்தவர்கள் 1 கோடியே 49 லட்சத்துச் சில்லறை. நான்கே ஆண்டில் 60 லட்சத்துக்கு மேல் புதுப் பேர்! கட்டுக் கட்டாகக் காகிதத்தில் இருந்த பட்டியல் கணினிக்குள் போய்விட்டது. மேசைமேல் கனத்த புத்தகத்தைப் புரட்டிப் பேர் தேடிய காலம் போய், பித்தானைத் தட்டினால் பேர் வந்து நிற்கும் காலம் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் தட்டுகிறவன் யார், தட்டினால் என்னென்ன வருகிறது, தப்பாக வந்தால் கேட்பதற்கு நாதி உண்டா என்பவைதான் நம் கேள்விகள்.

பேராவில் ஒரு தோட்டம். பேர் வேண்டாம், அது இப்போது தோட்டமும் அல்ல. ரப்பரைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் சாய்த்து வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அங்கே முப்பத்தொரு ஆண்டு பால் மரம் வெட்டிய ஒரு மூதாட்டி, நம் சங்கத்தின் பழைய உறுப்பினர், மகன் குடும்பத்தோடு நாற்பது மைல் தள்ளி ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார். சட்டத்துக்குப் பயந்த மனுஷி. போன சில மாதத்திலேயே பதிவு இலாகாவுக்குப் போய், வரிசையில் நின்று, அடையாளக் கார்டில் முகவரியை மாற்றிக்கொண்டார். வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார். 2022 தேர்தல் நாளன்று பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வோட்டுப் போடப் போனார். மேசையிலிருந்த மலாய் இளைஞர் தேடிப் பார்த்துவிட்டு, "மாக் சிக், நாமா தாக் அடா டி சினி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பேர் இன்னும் பழைய தோட்டத்திலேயே இருந்தது! இடித்துப்போட்ட லயத்தில், இடம் மாற்றிய கோயிலுக்குப் பக்கத்தில், புத்தகத்துக் கணக்குப்படி அந்த அம்மாள் அன்றும் குடியிருந்தார். கார் பிடித்துப் போய்ச்சேர ஆளில்லை. மாலை ஆறு மணிக்குப் பெட்டி மூடப்பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வோட்டுப் போடவில்லை.

இதிலே வயிற்றெரிச்சல் என்னவென்றால், தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. புதிதாகக் குடிபோன தொகுதியின் வேட்பாளர் அனுப்பியது. முழுப் பேர், ஏ/பி, தகப்பன் பேர், எழுத்துப் பிழைகூட இல்லை. அந்தக் கைப்பேசியைப் பேரன் வாங்கிக் கொடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் எந்தக் கட்சிக்காரரிடமும் எண் கொடுத்தவர் அல்லர். கிளைச் செயலாளரிடம் அவர் சொன்னது இதுதான்: "ஓட்டுக் கேக்க வந்தவன் என்னைக் கண்டுபிடிச்சிட்டான் தம்பி. ஓட்டுப் பொட்டிதான் கண்டுபிடிக்கல."

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்குள் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. ஆனால் அதை விளக்குவதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நம் பேர் அந்தப் புத்தகத்தில் ஏறியது சும்மா ஏறியதல்ல.

அடையாளக் கார்டு இந்த நாட்டுக்கு எப்போது வந்தது? 1948-இல், அவசர காலச் சட்டத்தோடு வந்தது. காட்டுக்குள் இருப்பவன் யார், தோட்டத்துக்குள் இருப்பவன் யார் என்று வெள்ளைக்காரன் பிரித்துப் பார்க்க விரும்பினான். படம் பிடித்தான், கைநாட்டு வாங்கினான், கார்டு கொடுத்தான். நமக்கு உரிமை கொடுப்பதற்காகப் பிறந்த கார்டு அல்ல அது. நம்மைக் கண்காணிப்பதற்காகப் பிறந்தது. அதே 1948-இல் வந்த கூட்டரசு ஏற்பாட்டில் பிரஜாவுரிமைக்கு வைத்த நிபந்தனைகள் நம்மில் பெரும்பாலோரை வாசலிலேயே நிறுத்தின. ஆகவே 1955 ஜூலை 27-ஆம் தேதி முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, பதிந்திருந்த ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர், 11 பேர் சீனர். இந்தியர் உட்பட மற்ற எல்லாரும் சேர்ந்து ஐந்து பேர்கூட இல்லை. நாட்டின் ரப்பரை வெட்டியவர்களில் நம்மவர் எத்தனை பேர், புத்தகத்தில் ஏறியவர் எத்தனை பேர்! மலாய்க்காரச் சகோதரர்மேல் நமக்கு இதில் வருத்தமில்லை. புத்தகம் எழுதியவன் வெள்ளைக்காரன்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பாரம் தணிந்துவிடவில்லை. மனுப் போடத் தெரியாதவர்கள், பிறப்புச் சான்று இல்லாதவர்கள், மருத்துவச்சி கையில் லயத்திலேயே பிறந்தவர்கள் எனப் பல்லாயிரம் பேர் சிவப்புக் கார்டோடு நின்றார்கள். 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் கூலிக்கும் வழியில்லை என்றானபோது, பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறிய குடும்பங்களை முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2018-இல், 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குச் சிவப்புக் கார்டுக்குப் பதில் குடியுரிமை தருவதாக அரசாங்கம் அறிவித்தது. அறுபது வயதுக்கு மேல்! ஓர் ஆயுள் முழுக்க வரி கட்டி, மரம் வெட்டி, கட்டிலில் விழும் காலத்தில் வோட்டுரிமை.

இவ்வளவு பட்டு வந்த பேர் என்பதால்தான், அந்தப் பேர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, யார் அதைப் படிக்கிறார்கள் என்று கேட்க நமக்கு மற்றவரைவிட அதிக உரிமை உண்டு என்கிறோம்.

2019 ஜூலை 16-ஆம் தேதி மக்களவை ஓர் அருமையான காரியம் செய்தது. வோட்டு வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்தும், வயது வந்த குடிமக்கள் பேரைத் தானாகவே பட்டியலில் ஏற்றவும் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. வந்திருந்த 211 பேரும் ஒருமனதாகக் கை தூக்கினார்கள். பிறகு வந்த அரசாங்கம் இழுத்தடித்தது. இளைஞர்கள் கூச்சிங் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 முடிவதற்குள் அமல்படுத்து என்று தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 15-இல் அமலானது. இதை நாம் இரு கைகூப்பி வரவேற்கிறோம். பதிவுப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக அலைந்த கிளைத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள், இதன் அருமை தெரியும்.

ஆனால் பேர் தானாக ஏறியதே தவிர, வீடு தானாக ஏறவில்லை. கணினி எந்த முகவரியை எடுக்கிறது? அடையாளக் கார்டில் உள்ளதை. அந்த முகவரி எப்போது எழுதியது? நம் பிள்ளைகள் 12 வயதில் கார்டு எடுத்தபோது, தகப்பன் எந்த லயத்தில் இருந்தானோ அந்த லயம். பல வீட்டுக்கு எண்கூடக் கிடையாது. தோட்டத்தின் பேர், ஊர் அஞ்சல், அவ்வளவுதான். தோட்டம் கை மாறியது, துண்டு துண்டாக விற்கப்பட்டது, குடும்பம் பட்டணத்து ஓரத்துக்குப் போனது. கார்டில் மட்டும் தோட்டம் அப்படியே பசுமையாக இருக்கிறது.

இன்னொன்று. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் குடிமாறினால், பதிவு இலாகாவில் முகவரியை மாற்றியது மட்டும் போதாது. தேர்தல் கமிஷனுக்குத் தனியாக மனுச் செய்து தொகுதியை மாற்ற வேண்டும். ஒரே சர்க்காரின் இரண்டு வாசல்! நம் மூதாட்டி முதல் வாசலோடு திரும்பிவிட்டார். 18 வயதானவனைத் தானாகத் தேடிப் பிடிக்கத் தெரிந்த கணினிக்கு, 70 வயதுக் கிழவி வீடு மாறியதைத் தானாகக் கேட்டுக்கொள்ளத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ளச் சொல்ல ஆளில்லை. நாம் எளியவர்கள், நம் பேர் தப்பான இடத்தில் இருப்பதால் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை.

இனி, வோட்டுக் கேட்டவன் கண்டுபிடித்த வித்தைக்கு வருவோம்.

உங்கள் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். 12 எண்கள் இருக்கின்றன. முதல் ஆறு உங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு நீங்கள் பிறந்த மாநிலத்தின் அல்லது நாட்டின் குறி. கடைசி எண் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பேரில் ஏ/எல், ஏ/பி இருந்தால் இனம் தெரிந்துவிடும். ஆக, வாய் திறக்காமலே நம் வயது, பிறப்பிடம், ஆணா பெண்ணா, எந்த இனம் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. வாக்காளர் பட்டியல் வேட்பாளர் கைக்கு வருகிறது. வரவும் வேண்டும், இல்லாவிட்டால் செத்தவன் வோட்டையும் வேறு ஊரான் வோட்டையும் யார் பிடிப்பது? அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதே 12 எண்கள்தான் கைப்பேசி வாங்கிய கடையிலும், தவணைக்குச் சாமான் எடுத்த கடையிலும், உதவித்தொகைப் படிவத்திலும், அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டிலும் இருக்கின்றன. இரண்டு பட்டியலை எடுத்து ஒரே எண்ணை வைத்துக் கோத்தால் போதும். ஒரு கிராணி இரண்டு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் உட்கார்ந்து செய்யும் வேலையைக் கணினி கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும்.

அந்த இரண்டாவது பட்டியல் எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? 2017 அக்டோபரில் வெடித்த செய்தியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம், பேர், முகவரி, கார்டு எண் உட்பட, வெளியே கசிந்து இணையத்தில் விலை பேசப்பட்டது. நாட்டின் மக்கள் தொகையே அன்று 3 கோடியே சொச்சம்தான்! 2022 மே மாதத்தில், 1940 முதல் 2004 வரை பிறந்த 2 கோடியே 25 லட்சம் பேரின் விவரம் விற்பனைக்கு வந்திருப்பதாக மறுபடியும் செய்தி. பதிவு இலாகாவிலிருந்து அது போகவில்லை என்று உள்துறை அமைச்சர் மறுத்தார். போகட்டும். எங்கிருந்து போனால் என்ன, சாமான் நம்முடையது!

கட்சிக்காரர்கள் இதையெல்லாம் வைத்து என்ன செய்வார்கள் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்னும் பிரிட்டிஷ் நிறுவனம். ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் பேஸ்புக்கில் ஒரு கேள்வி விளையாட்டுக்குப் பதில் சொன்னார்கள். அவர்கள் வழியாக அவர்களுடைய நண்பர்கள், நண்பர்களின் விருப்பு வெறுப்புகள் எனச் சுருட்டிய வலையில் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை விழுந்திருக்கலாம் என்று பேஸ்புக் நிறுவனமே 2018-இல் ஒப்புக்கொண்டது. யார் எதற்குப் பயப்படுவான், யார் எதற்கு மயங்குவான் என்று தரம் பிரித்து ஆளுக்கொரு பிரசாரம் அனுப்புவதுதான் அவர்கள் விற்ற சரக்கு. 2018 மே மாதம் கடையை மூடினார்கள். அது அமெரிக்கா, இங்கிலாந்து சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2013 பொதுத் தேர்தலில் கெடா மாநிலத்தில் பாரிசான் நேஷனலுக்குப் பிரசார வேலை செய்ததாக அந்த நிறுவனத்தார் தங்கள் இணையப் பக்கத்திலேயே பெருமை அடித்துக்கொண்டார்கள். அன்றைய பிரதமர் அலுவலகம் அதை மறுத்தது. யார் சொல்வது மெய் என்று தீர்ப்பளிக்க நாம் நீதிபதிகள் அல்லர். கெடா வாக்காளர் ஒருவர், "என்னைப் பற்றி எதை எழுதி வைத்திருந்தாய்?" என்று கேட்க ஒரு வாசல் இருந்ததா என்பதே நம் கேள்வி.

இல்லை. இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் ஊன்றிப் பார்க்க வேண்டும். 2010-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் நம் விவரத்தை விற்றால் குற்றம். பாங்கி விற்றால் குற்றம். சரி. ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் இது பொருந்தாது என்கிறது. வியாபாரக் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டுமே சட்டம் என்பதால், அரசியல் கட்சி வாக்காளரைத் தரம் பிரித்து வைத்துக்கொள்வதும் அதற்கு வெளியே நின்றுகொள்ளும். நம் விவரம் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர்களைத் தொடாத சட்டம்! சுண்டெலிக்குப் பொறி வைத்துவிட்டுப் பெருச்சாளிக்குக் கதவைத் திறந்து வைத்த கதை. 2024-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கசிவு நடந்தால் அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் சேர்த்தார்கள். இந்தக் கதவை மட்டும் மூடவில்லை. 2025 ஏப்ரலில் தகவல் பகிர்வுச் சட்டமும் அமலாகி, கூட்டரசு இலாகாக்கள் தங்களுக்குள் நம் விவரத்தைப் பரிமாறிக்கொள்ள வழி செய்தது. இலாகாவுக்கு இலாகா நம் விவரம் போகலாமாம். மூதாட்டியின் புது முகவரி மட்டும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகாதாம்.

2024 ஜனவரி 2-ஆம் தேதி பாடு என்ற பெருந்தரவுத் தளத்தைத் திறந்துவைத்தார்கள். உதவித்தொகை சரியான ஆளுக்குப் போய்ச்சேரவே இது என்றார்கள். நோக்கம் நல்லது. திறந்த சில நாளிலேயே, ஒருவரின் கார்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் வேறொருவன் உள்ளே நுழையலாம் என்ற ஓட்டையை முன்னாள் துணை அமைச்சர் ஒருவர் வெளிச்சம் போட்டார். பிறகு அதை அடைத்தார்கள். ஸ்டோருக்குப் பூட்டுப் போடாமல் திறப்பு விழா நடத்தும் கிராணியைத் துரை சும்மா விடுவாரா?

தகவல் திரட்டும் சூதுக்கு எப்போதும் கணினி வேண்டுமென்பதில்லை. வோட்டு எண்ணும் முறையிலேயே ஒன்று பதுங்கியிருக்கிறது. 1990-க்கு முன்பு பெட்டிகளை ஓரிடத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். அந்த ஆண்டிலிருந்து வோட்டுப் போட்ட இடத்திலேயே எண்ணுகிறார்கள். பெட்டி வழியில் மாறாது என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டணத்துக்காரனுக்கு நல்லதானது தோட்டத்துக்காரனுக்கு இன்னொரு விதமாக முடிந்தது. பல இடங்களில் ஒரு தோட்டம்தான் ஒரு வாக்களிப்பு வட்டாரம். பேரே 'லாடாங்' என்று தொடங்கும். நானூறு, ஐந்நூறு வோட்டு. பெட்டியைத் திறந்த அரை மணி நேரத்தில் தோட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது ஊருக்கே தெரியும். போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வகுப்பு சாலுரான் பிரித்திருக்கிறார்களே, அது வயதுப்படி. முதல் சாலுரானில் மூத்தவர், கடைசியில் இளையவர். ஒவ்வொரு சாலுரானுக்கும் தனிக் கணக்கு. கிழவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று நம் வீட்டுக்குள் நடந்த பேச்சைக்கூடக் காகிதம் சொல்லிவிடும். "உங்கள் தோட்டத்தில் எனக்கு விழுந்தது இவ்வளவுதானே, ரோட்டுக்கு என்ன அவசரம்?" என்ற பேச்சைக் கேட்காத கிளைத் தலைவர் நம்மில் எத்தனை பேர்? தனி ஆளின் வோட்டு இரகசியம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் லயத்தின் வோட்டு இரகசியமல்ல. தண்ணீர்க் குழாயும் தார்ச்சாலையும் கிடைப்பதும் கிடைக்காததும் லயத்துக்குத்தானே!

தப்பு நடந்தால் கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். சபாவில் போனார்கள். 1999 சட்டமன்றத் தேர்தலில் லிக்காஸ் தொகுதிப் பட்டியலில் தகுதியில்லாதவர் பேர் இருந்ததென்று வழக்கு. 2001 ஜூன் 8-ஆம் தேதி கோத்தா கினபாலு உயர் நீதிமன்ற நீதிபதி அந்தத் தேர்தலே செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஆளவந்தார்கள் என்ன செய்தார்கள்? பட்டியலைத் திருத்தினார்களா? சட்டத்தைத் திருத்தினார்கள்! 2002-இல் தேர்தல் சட்டத்தில் 9ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பட்டியல் அரசாங்கப் பதிவேட்டில் வெளியாகிவிட்டால் அதுவே முடிவு. எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது. செக்ரோலில் கிராணி எழுதியதைத் துரையும் கேட்கக்கூடாது, கோர்ட்டும் கேட்கக்கூடாது என்று ஒரு தோட்டத்தில் விதி வைத்தால் நாம் ஒரு நாள் பொறுப்போமா? நாட்டுக்கே அப்படி விதி வைத்திருக்கிறார்கள்.

"மறைக்க உங்களிடம் என்ன இருக்கிறது? வோட்டுக் கேட்டுச் செய்தி வந்தால் அழித்துவிட்டுப் போங்களேன்" என்று சில படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மறைக்க நம்மிடம் ஒன்றுமில்லை, ஐயா. லயத்து வீட்டுக்குச் சுவரே பாதிதான். ஆனால் நாம் எந்தக் கடனில் இருக்கிறோம், எந்த உதவிக்கு மனுப் போட்டிருக்கிறோம், வீட்டில் வேலையில்லாத பிள்ளை எத்தனை என்பது தெரிந்தவன் வாசலில் வந்து நின்றால், அவன் கேட்பது வோட்டு மாதிரி இருக்காது. மிரட்டல் மாதிரி இருக்கும். 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம், சோறு போட்டு வோட்டு வாங்குவதையும் பணம் கொடுத்து வாங்குவதையும் பயமுறுத்தி வாங்குவதையும் தடுக்கிறது. அன்று அந்தச் சட்டம் எழுதியவர்கள் பிரியாணிப் பொட்டலத்தைத்தான் கண்டார்கள். நம் விவரத்தைக் கோத்துக் கட்டி ஏலம் விடும் காலத்தைக் கண்டதில்லை. 2022 தேர்தலில் நாடாளுமன்ற வேட்பாளர் 2 லட்சம் வெள்ளிக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்ற வரம்பு இருந்தது. கட்சி தன் பேரில் செலவழித்தால் அதற்கு வரம்பே கிடையாது. கணினிக்காரனுக்குக் கொடுக்கும் கூலி எந்தக் கணக்கில் வரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

"கணினி பொய் சொல்லாது" என்பது இன்னொரு பேச்சு. தராசும் பொய் சொல்லாதுதான். நிறுக்கும்போது நாம் பக்கத்தில் நின்றால்!

இயந்திரத்தின்மேல் நமக்குப் பகையில்லை. கணினியில் பேர் தேடுவது காகிதத்தில் தேடுவதைவிட எளிது. நம் பிள்ளைகள் அரை நிமிடத்தில் தேடித் தருகிறார்கள். ஆகையால் நாம் கேட்பதும் எளிதான காரியமே. தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் கட்சிகளையும் கட்ட வேண்டும். 9ஏ பிரிவு ஒழிய வேண்டும். பதிவு இலாகாவில் முகவரி மாறினால், தேர்தல் கமிஷன் நமக்கு எழுதிக் கேட்டு, நம் சம்மதத்தோடு தொகுதியை மாற்ற வேண்டும். நமக்குச் சொல்லாமல் மாற்றவும் கூடாது. சின்னஞ்சிறு தோட்ட வட்டாரங்களின் வோட்டைப் பக்கத்து வட்டாரத்தோடு கலந்து எண்ணினால் வானம் இடிந்துவிடாது. பாங்கி தொகுதியில் 3 லட்சத்து 3 ஆயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர், இகான் தொகுதியில் 28 ஆயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர் என்று 2022-இல் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கூட்டல் ஒரு பெரிய வித்தையல்ல.

சட்டம் மாறும்வரை கை கட்டி நிற்க நம்மால் முடியாது. கிராணிமார்களே, இந்த இடத்தில் உங்கள் உதவி வேண்டும். நீங்கள் பட்டியலோடு பழகியவர்கள். எந்தக் கட்டத்தில் எது விழ வேண்டும் என்று தெரிந்தவர்கள். தேர்தல் கமிஷனின் மைஎஸ்பிஆர் பக்கத்தில் கார்டு எண்ணைக் கொடுத்தால், எந்தத் தொகுதி, எந்த வட்டாரம் என்று தெரிகிறது. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கிராணிமார் முன்வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தோட்டத்தையே பார்த்து முடிக்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. அப்போது பட்டியல் மூடிக் கிடக்கும். இன்னொரு எச்சரிக்கையும் சொல்லி வைக்கிறோம்: கார்டு எண்ணை எழுதிக்கொண்ட காகிதத்தைச் சங்க மண்டபத்தில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பார்த்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். ஊரைக் குறை சொல்கிற நாமே பட்டியல் சேர்த்து வைத்தோம் என்ற பேச்சு வரக்கூடாது. உதவித்தொகை என்றும், இலவச அரிசி என்றும் சொல்லி யாராவது கார்டைப் படம் பிடிக்க வந்தால், எந்த இலாகா, எதற்கு, எழுத்தில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் கார்டைப் பையில் வையுங்கள்.

அந்த மூதாட்டிக்குக் கிளைச் செயலாளரே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார். இப்போது அவர் பேர் அடுக்குமாடி வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பழைய தோட்டத்திலிருந்து அவரோடு குடிபெயர்ந்தவர்கள் பதினாறு குடும்பம். அவர்களில் ஒன்பது பேரின் பேர் இன்னும் இடித்த லயத்திலேயே கிடக்கிறது. அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வாசிக்கிற தோழர்களில் யாராவது தோட்டம் விற்றுக் குடிபெயர்ந்தவராக இருந்தால், சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் கிளை மண்டபத்துக்குக் கார்டோடு வாருங்கள். வீட்டில் 18 வயதான பிள்ளை இருந்தால் அவனையும் அவளையும் எழுப்பிக் கூட்டி வாருங்கள்.